"எத்தனை மாசம் டாக்டர்?"

வணக்கம். கணையப் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ், அதாவது வேறு உறுப்புக்குப் பரவிவிட்டது என்று ரிப்போர்ட் வந்தால், நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு வீட்டார் உள்ளே வந்து கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மாசம் டாக்டர்?"

நான் எண்ணைச் சொல்லத் தயங்குவேன். 342 பேரை வைத்து பிரான்சில் நடத்திய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், வழக்கமான ஜெம்சிடபின் கீமோ மருந்தில் 6.8 மாதம், நான்கு மருந்து சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸில் 11.1 மாதம். பதினோரு மாதத்தில் எல்லாரும் போய்விடுவார்கள் என்று அர்த்தமில்லை. பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள். அப்படித் தாண்டுபவர்களில் மிகச் சிலருக்கு, கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளே ஸ்கேனில் தெரியாத அளவுக்குச் சுருங்கி, நோய் வருடக்கணக்கில் அடங்கிக் கிடக்கிறது.

லேசான வைத்தியமில்லை இது. கடைசி மருந்து இறங்க 46 மணி நேரமாகும். குட்டிப் பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், மூன்றாம் நாள் வந்து கழற்றிக்கொள்ள வேண்டும். நான்கில் ஒன்றான ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் வகை மருந்து ஏறிய வாரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாலே விரல் நுனியில் ஊசி குத்தும். சில்லென்று மோர் குடித்தால் தொண்டை இறுகும்.

சரி, அந்தச் சிலருக்கு மட்டும் ஏன்? முழு விடை யாரிடமும் இல்லை. ஒரு விடை பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்ப் பேச்சில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணையப் புற்றுநோயாளிகள் நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு அது பிறவியிலேயே பழுது. செல்லின் டி.என்.ஏ. உடைந்தால் ஒட்டுப்போடுவது அதன் வேலை. பிளாட்டினம் வகை மருந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, ஒட்டுப்போட ஆளில்லாத புற்றுச்செல் செத்துப்போகிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் கீமோவுக்குப் பிறகு ஓலாபரிப் மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. இரண்டு வருடம் கழித்தும் நோய் வளராமல் இருந்தவர்கள் 22 சதவீதம். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் பத்துக்கும் குறைவு. மொத்த ஆயுள் கூடியதாக மட்டும் நிரூபணமாகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் இந்தப் பழுதைக் கண்டறிய ஒரு ரத்தப் பரிசோதனைதான். "எங்க வம்சத்துல யாருக்கும் கேன்சரே இல்லையே" என்று தட்டிக்கழிக்கிறார்கள். வம்சத்தில் இல்லாவிட்டாலும் பழுது இருக்கலாம். இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என்னிடம் வரும் ஒரு அம்மாவுக்கு நோய் அடங்கி நாலு வருடமாகிறது. "குணமாயிடுச்சா?" என்பார். "அடங்கியிருக்கும்மா" என்பேன். போன தடவை வந்தவர் தன் ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை. மகளின் ரத்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் நீட்டினார்.