எஸ்.ஜி.பி.டி. குறைந்தால் மகிழலாமா?

(மூத்த குடிமக்கள் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

மன்றத் தலைவர் அவர்களே, ஆயிரம் பணிகளுக்கிடையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அவர்களே, இதே பொருளைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவராக இருந்தும் வாய்ப்பை எனக்கு விட்டுக்கொடுத்த அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களே, பந்தல் அமைத்துக் கொடுத்த வணிகர் சங்கத்தாரே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எஸ்.ஜி.பி.டி. குறைவதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். எஸ்.ஜி.பி.டி. என்பது கல்லீரல் பரிசோதனைக்காக ரத்தத்தில் அளக்கப்படும் ஒரு நொதி, அதாவது என்சைம். கல்லீரல் செல்கள் சேதமடைந்தால் இந்த நொதி ரத்தத்தில் கசியும். கொழுப்புக் கல்லீரல், மது, மஞ்சள்காமாலை, சில மாத்திரைகள் ஆகியவற்றால் அளவு ஏறும். ஏறினால் பதறுகிறோம். இறங்கினால் ஏனென்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் சித்தப்பா ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். வயது எழுபத்தாறு. எஸ்.ஜி.பி.டி. ஒன்பது என்று வந்த அறிக்கையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, "பார்த்தாயா, ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை" என்று தெருவெல்லாம் காட்டினார். சித்தி மறைந்தபின் அவருக்கு இரவில் ரசம் சோறு, காலையில் இரண்டு பிஸ்கட். கைக்கடிகாரம் முழங்கைவரை சரிந்து இறங்கும். மருத்துவர் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் ஐயா" என்றார். சித்தப்பா முன்னும் பின்னும் ஆடினார், எழ முடியவில்லை. கடைசியில், "நாற்காலி சரியில்லை டாக்டர், வேறு கொடுங்கள்" என்றார். மருத்துவர் தம் நாற்காலியையே கொடுத்தார். அதுவும் சரியில்லை!

சிரிக்கிறீர்கள். சுவர் இருந்தால்தானே சித்திரம்? எஸ்.ஜி.பி.டி. தசையிலும் உண்டு, அது வேலை செய்ய வைட்டமின் பி6 வேண்டும். தசை கரைந்தாலும், ஊட்டம் குறைந்தாலும் எண் இறங்கலாம். சிட்னியில் 70 வயதைக் கடந்த ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியான ஆய்வில், இந்த எண் குறைந்தவர்களிடம் தளர்ச்சியும் இறப்பும் மிகுதியாக இருந்தன. ஆனால் வயதையும் தளர்ச்சியையும் கணக்கில் சேர்த்ததும் எண்ணுக்கும் இறப்புக்குமான தொடர்பு மறைந்துவிட்டது. ஆகவே எண் குறைந்ததே ஆளைக் கொல்வதில்லை. அது காட்டிக்கொடுக்கும் தளர்ச்சியைத்தான் நாம் அளந்தாக வேண்டும்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார்.

என் கோரிக்கைக்கு மட்டும் நேரம் தாருங்கள். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் வீட்டுவாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதோடு எடையையும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்துமுறை எழ ஆகும் நேரத்தையும் குறிக்க வேண்டும். மூத்தோருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்கிறார்கள். ஐம்பது கிலோ எடையுள்ளவர் ரசம் சோற்றில் அதை எங்கே தேடுவார்? ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் இருக்கிறது. சத்துணவில் பிள்ளைகளுக்கு முட்டை தரும் அரசு, முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் தரட்டும். சைவர்களுக்குச் சுண்டல் தரட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பது அரசுக்கும் தெரியும். இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். வட்டாட்சியர் அவர்கள் புறப்படுமுன் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதற்குள் எல்லாரும் கையெழுத்திட்டுவிடுங்கள்.