வண்டல் மறைக்கும், ஈர்ப்பு மறைக்காது

நண்பர்களே,

புவியீர்ப்பு உலகம் முழுக்க ஒரே அளவில் இல்லை. நிலநடுக்கோட்டில் சற்றுக் குறைவு, துருவங்களில் சற்று அதிகம். வித்தியாசம் அரை சதவீதம்தான். உயரம் ஏறினாலும் குறையும். இதையெல்லாம் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கிறதே, அதுதான் ஈர்ப்பு முரண். அடியில் அடர்த்தியான பாறை கிடந்தால் மிச்சம் கூடும்; உப்புக் குவிமாடமோ (நிலத்தடியில் மேடாக எழும்பிய உப்புத் திரள்) தளர்ந்த வண்டலோ இருந்தால் குறையும். அளக்கும் அலகு மில்லிகேல். ஒரு மில்லிகேல், மொத்த ஈர்ப்பில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு!

சரி, கடலில் எப்படி அளப்பது? கப்பலில் கருவி கொண்டுபோகலாம், ஆனால் கடல் பெரிது. இங்கே கடல்நீரே நமக்கு உதவுகிறது. கடலடியில் 2,000 மீட்டர் உயர மலை இருந்தால், அது சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. அதற்கு நேர் மேலே கடல்மட்டம் சுமார் 2 மீட்டர் மேடாகிறது. சரிவு பல கிலோமீட்டருக்குப் பரவியிருப்பதால் மாலுமிக்குத் தெரியாது. செயற்கைக்கோள் ரேடாருக்குத் தெரியும். அமெரிக்கக் கடற்படையின் ஜியோசாட் செயற்கைக்கோள் தரவுகள் 1995-இல் முழுமையாக வெளியானதும், கப்பல்கள் அளக்காத கடற்பரப்புகளின் தரையும் வரைபடத்துக்குள் வந்தது. 2014-இல் வந்த ஈர்ப்பு வரைபடம் இன்னும் கூர்மையானது. மெக்சிகோ வளைகுடாவில் எப்போதோ விரிந்து ஓய்ந்துபோன கடல்தளப் பிளவு, தடித்த வண்டலுக்கு அடியிலிருந்து அதில் தெரிந்தது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

அதே வளைகுடாவின் ஓரத்தில், மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில், சிக்சுலூப் பள்ளம் இருக்கிறது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதிய இடம். அகலம் சுமார் 180 கிலோமீட்டர். பாதி நிலத்தில், பாதி கடலில். மேலே சுண்ணாம்புக்கல் மூடிய சமவெளி. 1978-இல் எண்ணெய் தேடும் பணியில் இருந்த கிளென் பென்ஃபீல்டு, கடல் பக்கத்துக் காந்த அளவீடுகளில் ஒரு வில் வடிவத்தைக் கண்டார். அப்புறம் பழைய ஈர்ப்பு வரைபடம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், மீதி வில் நிலத்தில் இருந்தது. சேர்த்தால் வட்டம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஈர்ப்பு வரைபடம் 'இங்கே நிறை குறைவு' என்று மட்டுமே சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஒரே முரணை ஆழத்தில் கிடக்கும் பெரிய பாறையும் தரலாம், மேலாகப் பரந்து கிடக்கும் மெல்லிய படிவும் தரலாம். வரைபடத்தின் நிறத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதுவது தவறு. நில அதிர்வு அளவீடும் துளைக்கிணறும் கட்டாயம் வேண்டும்.

சிக்சுலூப்பில் 2016-இல் கடலடியில் துளையிட்டார்கள். பள்ளத்தின் உள்வளையத்திலிருந்து வந்தது கிரானைட். கிரானைட் என்றால் கனமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் மோதலில் நொறுங்கி, உள்ளெல்லாம் நுண்துளை விழுந்து, வழக்கத்தைவிட லேசாகிப் போயிருந்தது அந்தப் பாறை.