வளையல் கொடுத்தவர்களும் உமியோட்டை அணைத்தவர்களும்

வணக்கம் மக்களே. இன்று நகைக்கடைத் தெருவுக்குப் பின்னால், முன்பு பத்தர்கள், அதாவது தங்க நகை செய்பவர்கள், வரிசையாக உட்கார்ந்திருந்த சந்தில் நிற்கிறேன். வண்டிச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவும் ஒரு பத்தர். இது அவருடைய உரைகல், தங்கத்தை உரசித் தரம் பார்க்கும் கல். இருங்கள், கிட்டே காட்டுகிறேன். இரண்டு கோடு தெரிகிறதா? நேற்று சித்தப்பா உரசியது. நல்ல மஞ்சளாக இருப்பது 22 காரட். பக்கத்தில் வெளிறிப்போய் இருப்பது 14 காரட், 1963-ல் தாத்தா செய்த கம்மல்.

1962 அக்டோபர் 20-ல் சீனாவோடு போர் தொடங்கியது. ஒரே மாதம்தான். ஆனால் அதற்குள் தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நாடு முழுக்கப் பெண்கள் கையில் கிடந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் பாட்டியும் ஒரு மோதிரம் கொடுத்திருக்கிறார், தாத்தாவே செய்த மோதிரம்.

போர் முடிந்து, 1963 ஜனவரியில் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. தங்கம் கடத்தி வருவதில் அந்நியச் செலாவணி கரைகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது கணக்கு. காரணத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் 14 காரட் என்றால் 100-க்கு 58 பங்குதான் தங்கம். அதில் தாலி செய்ய எந்த வீட்டில் சம்மதிப்பார்கள், சொல்லுங்கள்?

வேலை வரவில்லை. உமியோட்டில், அதாவது பத்தர்கள் உமி போட்டு நெருப்பு மூட்டும் சட்டியில், நெருப்பு அணைந்தது. ஊதுகுழலும் குறடும் மட்டுமே தெரிந்தவர்கள் வேறு எங்கே போவார்கள்? பல ஊர்களில் பத்தர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்தன. தாத்தா ரைஸ் மில்லில் மூட்டைக் கணக்கு எழுதப் போனார்.

எனக்கு உறுத்துவது இதுதான். பாட்டி தானாகக் கொடுத்தார், அதற்கு ரசீதும் வாங்கினார். தாத்தாவிடம் யாரும் கேட்கவே இல்லை. தியாகம் என்று பேசும்போது அவர் கணக்கில் வருவதும் இல்லை.

14 காரட் நிபந்தனையை 1966-ல் எடுத்துவிட்டார்கள். கட்டுப்பாட்டுச் சட்டம் என்னவோ 1990 வரை இருந்தது. தாத்தா திரும்பி வந்து அடுப்பு மூட்டினார், ஆனால் பழைய வாடிக்கையில் பாதி பேர் வரவில்லை.

சரி, உங்கள் வீட்டில் அந்த மூன்று வருடத்தில் செய்த நகை ஏதாவது இருந்தால் உரசிப் பாருங்கள். எந்தக் கோடு விழுகிறது என்று கமென்டில் போடுங்கள்.