பயணிப்புறா அழிந்தது வேட்டையால் மட்டும்தானா?

வட அமெரிக்காவின் பயணிப்புறாவைப் பற்றிப் பேசியதற்கு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "300 கோடி, 500 கோடி என்று இருந்த பறவையைச் சுட்டே தீர்த்துவிட முடியுமா? ஏதாவது நோய் வந்திருக்காதா?" நியாயமான சந்தேகம்தான்.

நோயால் அழிந்தது என்பதற்குச் சான்று இல்லை. அது வாழ்ந்த விதத்தைப் பாருங்கள். சிதறி வாழாது, ஒரே காட்டில் லட்சக்கணக்கில் கூடிக் கூடு கட்டும். 1871ல் விஸ்கான்சினில் அப்படிக் கூடு கட்டிய பரப்பு மட்டும் சுமார் 2,200 சதுர கிலோமீட்டர், 13 கோடிக்கு மேல் புறாக்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு கூட்டில் ஒரே ஒரு முட்டைதான். பருந்தும் நரியும் எவ்வளவு தின்றாலும் தீராது, அந்தப் பெருங்கூட்டமே அதற்குக் காவல்.

மனிதன் வந்ததும் அதே கூட்டம் வினையாகிவிட்டது. புறாக்கள் எங்கே இறங்கியிருக்கின்றன என்பது தந்தியில் போய்விடும். வேட்டைக்காரர்கள் ரயிலேறி வருவார்கள். பிடித்ததைப் பீப்பாயில் அடைத்து, அதே ரயிலில் நகரத்துச் சந்தைகளுக்கு அனுப்புவார்கள். 1878ல் மிச்சிகனில் பெட்டோஸ்கி பக்கம் வாரக்கணக்கில் இது நடந்தது. அதுவும் எப்போது? குஞ்சு வளரும் நேரத்தில்! கூட்டிலிருந்து குஞ்சுகளைக் கழியால் தட்டி விழவைத்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வருஷா வருஷம் இப்படியே போனால் புதுத் தலைமுறை எங்கிருந்து வரும்? கடைசிப் பறவை வரை சுட வேண்டியதே இல்லை, மிஞ்சியவை வயதாகிச் செத்துவிடும். அவை தின்னும் கொட்டைகளைத் தரும் பீச், ஓக் மரக் காடுகளை வெட்டியதும் சேர்ந்துகொண்டது. 1914 செப்டம்பர் 1 அன்று, சின்சினாட்டி உயிர்க்காட்சிசாலையில் இருந்த மார்த்தா என்ற பெண்புறாவோடு அந்த இனம் முடிந்தது.

சரி, எண்ணிக்கை குறைந்தால் அழிவு நிச்சயமா? அப்படியும் இல்லை. மொரீஷியஸ் தீவில் புறா இனத்தைச் சேர்ந்த டோடோ 17ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. ஆனால் அங்கேயே இருக்கும் இளஞ்சிவப்புப் புறா 1990 வாக்கில் காட்டில் பத்து அளவுக்குத்தான் இருந்தது, இன்று 400க்கும் மேல். கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டார்கள், எலியையும் பூனையையும் கட்டுப்படுத்தினார்கள், தீனி வைத்தார்கள். இன்னும் முழு ஆபத்து நீங்கவில்லை. சில பறவைகளிலிருந்தே பெருகியதால் மரபணு வேறுபாடு குறைவு. அதனால்தான் உயிர்க்காட்சிசாலைகளில் வளரும் வேறு வம்சாவளிப் புறாக்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.