ஆகஸ்ட்டில் பிறந்த பிள்ளைக்கு எப்போது பள்ளிக்கூடம்?

வணக்கம். லண்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பல வருடங்களாக ரிசெப்ஷன், அதாவது முதலாம் ஆண்டுக்கு முந்தைய வகுப்புப் பிள்ளைகளோடு இருப்பவள் நான். நம் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று. கோடையில் பிறந்த பிள்ளையை எப்போது பள்ளிக்கு அனுப்புவது?

இங்கிலாந்தில் செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே வகுப்பு. அதாவது, ஐந்தைத் தொட்டுவிட்ட பிள்ளையும் போன வாரம்தான் நாலு முடிந்த பிள்ளையும் ஒரே மேசையில். "நாலு முடிந்தால் அனுப்பத்தானே வேண்டும்?" என்பார்கள். இல்லை. நாலு என்பது வழக்கம். சட்டம் கேட்பது ஐந்து. ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளை, ஐந்து முடிந்து வரும் செப்டம்பரில் பள்ளிக்கு வந்தால் போதும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ஜூலைக் கடைசியில் பிறந்தவன். வந்த முதல் வாரமே தமிழிலும் ஆங்கிலத்திலும் நூறு வரை எண்ணிக் காட்டினான். அம்மம்மா சொல்லிக்கொடுத்தது. சரி, எண்ணுவான். ஆனால் கோட்டு ஜிப்பைப் போடத் தெரியாது. சாப்பாட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டு, எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் ஹோலுக்கு நடுவே நிற்பான். டொய்லெட் போகவேண்டும் என்று சொல்ல வாய் வராது. நனைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மதியம் ஒன்றரைக்கு எல்லோரையும் கம்பளத்தில் உட்காரவைத்துக் கதை வாசிப்போம். இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் அவன் தலை பக்கத்துப் பிள்ளையின் தோளில் சாய்ந்துவிடும். வீட்டில் அந்த நேரம் தூங்கிப் பழகிய பிள்ளை, பாவம்.

அவன் அம்மாவிடம் சொன்னேன், கட்டாயப் பள்ளி வயது வரும்வரை அரைநேரம் மட்டும் அனுப்ப உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று. அவருக்குத் தெரியாது. நிறையப் பேருக்குத் தெரியாது. அதனால் திரும்பவும் சொல்கிறேன், அரைநேரம் அனுப்பலாம். அது பள்ளி காட்டும் தயவு அல்ல, பள்ளிச் சேர்க்கை விதிமுறையிலேயே இருக்கிறது. ஈஸ்டர் வரை அவன் மதியத்தோடு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு முழுநாளும் இருந்தான், கதையை முடிவுவரை கேட்டான்.

ஆகவே, பிள்ளைக்கு எத்தனை எழுத்து தெரியும் என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். எழுத்துச் சொல்லித்தர நாங்கள் இருக்கிறோம். மதியத்துக்குப் பிறகு பிள்ளை எப்படி இருக்கிறது? தனக்கு வேண்டியதை வேற்று ஆளிடம் கேட்கிறதா? அதைப் பாருங்கள். அக்கா, அண்ணாவோடு ஓடித் திரிந்து தேறிய பிள்ளை என்றால் நாலு வயதிலேயே சந்தோஷமாக வரட்டும்.

"ஒரு வருடம் வீணாகுமே" என்று தாத்தா பாட்டிகள் கவலைப்படுவார்கள். நிதிக் கற்கைகள் நிறுவனம், ஐஎஃப்எஸ், என்ற ஆய்வு அமைப்பு, பிறந்த மாதம் மதிப்பெண்ணை எப்படிப் பாதிக்கிறது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறது. ஆகஸ்ட்டில் பிறந்தவர்கள் செப்டம்பரில் பிறந்தவர்களைவிடச் சராசரியாகக் குறைந்த மதிப்பெண் எடுக்கிறார்கள். வளர வளர இடைவெளி சுருங்கினாலும் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சை வரை தெரிகிறது. பரீட்சை எழுதும் நாளில் வயது குறைவு என்பதுதான் முக்கியக் காரணம். பிள்ளை மக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள், மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். ஐந்து வயதில் அனுப்பினால் பிள்ளை நேராக முதலாம் ஆண்டில் போய் உட்கார நேரலாம், ரிசெப்ஷன் தவறிப்போகும். ரிசெப்ஷனிலேயே தொடங்க வேண்டும் என்றால் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். முடிவெடுப்பது சில பள்ளிகளுக்குக் கவுன்சில், சிலவற்றுக்குப் பள்ளியே. வழக்கமான விண்ணப்பத்தையும் ஜனவரி 15க்குள் போட்டுவிடுங்கள், இடம் கைநழுவாது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது இதே கேள்வி மறுபடி வரும், அதையும் இப்போதே தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.