அறுபது, இருபது, இருபது: பாண்டிச்சேரி வெயிலுக்கு வீட்டுக் காக்டெயில்

[காட்சி: சமையலறை மேடை. தட்டில் எலுமிச்சம்பழம், டம்ளர் தண்ணீரில் நிற்கும் புதினா, துண்டில் சுற்றிய ஐஸ்கட்டி.]

வணக்கம். மணி ஆறரை. வெயில் இறங்கிவிட்டது, ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் இன்னும் கை வைக்க முடியவில்லை. கத்திரி முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. பாண்டிச்சேரியில் பாட்டிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பாட்டிலை வாங்கி வந்து கோலாவை ஊற்றிக் குடிப்பதோடு நம் கலை முடிந்துவிடுகிறது. இன்றைக்கு வீட்டில் இருப்பதை வைத்து நாலைந்து பழைய காக்டெயில்களைப் பார்ப்போம். ஷேக்கர் வேண்டாம். மூடி இறுக்கமான ஜாம் பாட்டில் போதும். வடிகட்ட டீ வடிகட்டி. அளக்க, இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடி.

முதலில் எலுமிச்சம்பழம். நான் முதன்முதலில் ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துக் கலக்கியபோது, அவர்கள் ‘லெமன் ஜூஸ் 30 மில்லி’ என்றார்கள், நானும் 30 மில்லி பிழிந்து ஊற்றினேன். ஒரு வாய்தான். பல் கூசி, அன்றைக்கு ராத்திரி மோர்சாதம்கூட இறங்கவில்லை. தப்பு நம் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாம் எலுமிச்சைக்கு ‘லெமன்’ என்றே பழகிவிட்டோம். அவர்கள் லெமன் என்பது தடித்த தோலோடு கைக்கு அடங்காமல் இருக்கும் மஞ்சள் பழம். பெரிய மார்க்கெட்டில் கூறு கட்டி விற்கும் நம் சின்னப் பழம் அவர்கள் கணக்கில் ‘லைம்’ வகை. புளிப்பும் வாசனையும் ஒரு படி தூக்கல். அதனால் அளவைக் குறைக்க வேண்டும். கறுத்த பச்சையில் கல் மாதிரி இருப்பதை எடுக்காதீர்கள். தோல் மெலிந்து, லேசாக மஞ்சள் ஓடி, அழுத்தினால் விரலுக்கு இடம் கொடுக்க வேண்டும்.

அடுத்து சர்க்கரைத் தண்ணீர். ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர், கரையும் வரை சூடு, அவ்வளவுதான். கம்பிப் பதமெல்லாம் பார்க்க வேண்டாம், கெட்டியானால் அளவு கெட்டுவிடும். ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும். சர்க்கரையை நேராகப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். குளிர்ந்த சாராயத்தில் அது கரையாது, கடைசி மடக்கில் மணலாக நிற்கும்.

[காட்சி: எவர்சில்வர் டம்ளரில் உறைந்த பெரிய ஐஸ்கட்டி, பூரிக்கட்டையால் ஒரு தட்டு.]

ஐஸ். ட்ரேயில் வரும் குட்டிக் கட்டிகள் நம் ஊர்ச் சூட்டில் நாலு நிமிடம் தாங்காது. முந்தின ராத்திரியே இரண்டு டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். துண்டில் சுற்றிப் பூரிக்கட்டையால் ஒரு தட்டு, மூன்று நாலு பெரிய துண்டாகும். பெரிய துண்டு மெதுவாகக் கரையும். மீன் வைத்த ஃப்ரீசர் என்றால் டம்ளரை மூடி வையுங்கள். வஞ்சிரம் வாசனையோடு ரம் குடிக்க முடியாது, பட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. அறுபது, இருபது, இருபது. 60 மில்லி சரக்கு, 20 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 மில்லி சர்க்கரைத் தண்ணீர். இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

சரக்கு வெள்ளை ரம் என்றால் அது டைக்கிரி. கியூபாவில் சாண்டியாகோ நகருக்குப் பக்கத்தில் டைக்கிரி என்று ஒரு சுரங்க ஊர். 19-ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் அங்கே வேலை பார்த்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்க இன்ஜினியர் கலக்கியது என்று கதை. ரம்மும் எலுமிச்சையும் சர்க்கரையும் விளைகிற ஊரில் அதற்கு முன் யாருக்குமே தோன்றவில்லையாம், நம்புகிறவர்கள் நம்பலாம். மூன்றையும் ஜாம் பாட்டிலில் ஊற்றி, பாதிக்கு மேல் ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி, பன்னிரண்டு பதினைந்து விநாடி ஆவேசமாகக் குலுக்குங்கள். தாலாட்டக் கூடாது. பாட்டிலுக்கு வெளியே வியர்த்து, விரல் மரத்துப்போனால் பதம் வந்துவிட்டது. குலுக்குவது குளிர வைக்க மட்டும் இல்லை. ஐஸ் கரைந்து சேரும் தண்ணீரும் இதில் ஒரு சேர்மானம்தான். அது சேராவிட்டால் தொண்டையில் எரியும். வடிகட்டி, சின்ன கிளாஸில், ஐஸ் இல்லாமல், சூடு ஏறும் முன் குடிக்க வேண்டியது. ஒன்று கவனம்: இனிப்பு மறைத்தாலும் உள்ளே இருப்பது முழு லார்ஜ். ஜூஸ் மாதிரி இறங்கும், ஜூஸ் இல்லை.

அதே கணக்கில் ரம்முக்குப் பதில் ஜின், உயரமான கிளாஸ், ஐஸ், மேலே சோடா. இது டாம் காலின்ஸ். அமெரிக்க பார்டெண்டர் ஜெர்ரி தாமஸ் 1876-லேயே எழுதி வைத்துவிட்டார். கறாராகப் பார்த்தால் இதற்கு அந்தப் பெரிய லெமன்தான், ஆனால் நம் பழத்தில் இன்னும் நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. சர்க்கரைத் தண்ணீரில் பாதியை எடுத்துவிட்டு நன்னாரி சர்பத் ஊற்றிப் பாருங்கள். பெயர் மாறிவிடும், பரவாயில்லை. குடிக்காதவர்களுக்கு ஜின்னை மட்டும் விட்டுவிட்டு அதையே கொடுக்கலாம், யாரும் ஏமாற்றம் அடைய மாட்டார்கள்.

சோடாவைப் பற்றி ஒரே வார்த்தை: குலுக்காதீர்கள். போன வருடம் நான் அதையும் பாட்டிலுக்குள் ஊற்றிக் குலுக்கினேன். மூடி மின்விசிறியில் பட்டுத் திரும்பி வந்தது. விசிறி இறக்கையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

[காட்சி: உள்ளங்கையில் ஐந்தாறு புதினா இலை. மற்றக் கையால் ஒரு தட்டு.]

மொஹிட்டோ. ரம்மை 45 மில்லிக்கு இறக்குங்கள், மற்றது அதே இருபது, இருபது. எல்லோரும் சொதப்புவது புதினாவில். இடித்துக் கூழாக்கினால் இலை கசப்பை விடும், நாம் சட்னி அரைக்கவில்லை. இலையை உள்ளங்கையில் வைத்து, கொசு அடிப்பது போல் ஒரு தட்டு. வாசனை கிளம்பிவிடும். கிளாஸில் போட்டு, சாறும் சர்க்கரைத் தண்ணீரும் ஊற்றி, கரண்டிக் காம்பால் மெதுவாக நாலு அழுத்து. அப்புறம் ரம், ஐஸ், மேலே சோடா. கோலி சோடா கிடைத்தால் அதுவே எடுப்பு, ஆனால் பன்னீர் சோடாவை வாங்கி வந்துவிடாதீர்கள்.

ஜின் டானிக்குக்குச் செய்முறை என்று ஒன்றும் இல்லை. ஒரு பங்கு ஜின், மூன்று பங்கு டானிக் என்னும் கசப்புச் சோடா, ஒரு துண்டு எலுமிச்சை. டானிக்கின் கசப்பு குயினைன், சின்கோனா மரப்பட்டையில் வருவது. மலேரியா மருந்துக்காக வெள்ளைக்காரர்கள் 1860-களில் நீலகிரியில் அந்த மரத்தை வளர்த்தார்கள். கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில் குயினைன் ஆலையே ஓடியது.

கடைசியாக எனக்கு ரொம்பப் பிடித்தது, தீ பஞ்ச். நெருப்பு இல்லை, பிரெஞ்சில் ‘குட்டி’ என்பதன் பேச்சு வழக்கு. மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளின் சரக்கு. 1848-இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமை முறையை ஒழித்ததும் அங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போனது. 1853-லிருந்து பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் நம் ஆட்களை ஒப்பந்தம் போட்டுக் கப்பலேற்றினார்கள். திரும்பாதவர்களே அதிகம். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் இன்றும் அங்கே இருக்கிறாள். அந்தக் கரும்புச் சாற்றை அப்படியே புளிக்கவைத்து வடிக்கும் ரம்தான் இதற்கு உரியது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெல்லப்பாகு ரம், அதனால் ருசி கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். 50 மில்லி வெள்ளை ரம், ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சையின் ஓரத்தில் காசு அளவுக்குச் சீவிய ஒரு துண்டு. தோலோடு பிழிந்து உள்ளேயே போட்டு ஒரு கலக்கு. குலுக்கல் இல்லை, ஐஸும் இல்லை.

வண்டிச் சாவியை முதல் கிளாஸுக்கு முன்னாலேயே வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். மிச்சப் பாட்டிலோடு கடலூர்ப் பக்கம் கிளம்பாதீர்கள், ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

[காட்சி: மொட்டைமாடி. பிரம்பு நாற்காலி, சின்ன கிளாஸ்.]

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சொல்தா மாமாவுக்கு ஒரு தீ பஞ்ச் கலக்கிக் கொடுத்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர், அப்படிப்பட்டவர்களைத்தான் இங்கே சொல்தா என்போம். மோந்து பார்த்தார், சரி என்று தலையாட்டினார், அப்புறம் ஐஸ் கேட்டார்.

“மார்ட்டினிக்ல இதுக்கு ஐஸ் போட மாட்டாங்க மாமா” என்றேன்.

“அங்க கத்திரி வருதாப்பா?” என்றார்.

இரண்டு துண்டு போட்டுக் கொடுத்தேன்.