புதையானின் பசி

நேயர்களுக்கு வணக்கம். நான் சிறுவர்களுக்கு எழுதும் கதைகளில் புதையான் என்றொரு நிலத்தடிப் பூதம் வருகிறது. முழுக்கக் கற்பனை உயிர். ஆனால் அது வாழும் மண் கற்பனையல்ல. பண்ருட்டிக்கும் நெய்வேலிக்கும் இடையே முந்திரி விளையும் நம் கடலூர் மாவட்டத்துச் செம்மண்.

பூதம் என்றதும் கொம்பையும் பல்லையும் வரைந்துவிடுகிறோம். அது எதைத் தின்கிறது, குட்டியாக எங்கே கிடந்தது என்று கேட்பதில்லை. இதற்கு விடையில்லாத பூதத்துக்கு எந்தக் குழந்தையும் இரண்டாம் நாள் பயப்படாது.

எனக்கு வழிகாட்டியது குழியானை. உலர்ந்த மணலில் கூம்புபோல் குழி பறித்து, அடியில் புதைந்திருந்து, சறுக்கி விழும் எறும்பைக் கவ்வி உறிஞ்சிவிடும். அது இளம்புழுதான். வளர்ந்தபின் தட்டானைப் போன்ற மெல்லிய இறக்கையோடு பறந்துபோகும். கொடூரமெல்லாம் பிள்ளைப் பருவத்தோடு சரி! புதையானையும் அப்படியே அமைத்தேன்.

ஐப்பசி மழையில் மண் இளகியதும் தாய் முட்டையிடும். பொரிந்த குஞ்சு மல்லாட்டைக் கொல்லையில் வேர்ப்புழு செய்வதையே செய்யும். செடி வாடும், இழுத்தால் கையோடு வரும். மேலே நடப்பவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

பிறகு பசி அதைக் கீழே இழுக்கும். சில இடங்களில் 100 மீட்டருக்கும் கீழே கிடக்கும் பழுப்பு நிலக்கரியை அடையும். அது தொல்பழங்காலத்தில் புதைந்துபோன தாவரங்களின் மிச்சம். வேர் தின்று வளர்ந்த உயிர் அதையும் தின்னும் என்பதே நியாயம். சத்தும் காற்றும் குறைவு என்பதால் வளர்ச்சி மெதுவாகும். அமெரிக்காவில் ஒருவகைச் சில்வண்டு வேர்ச்சாற்றை உறிஞ்சியபடி 17 ஆண்டுகள் மண்ணுக்குள் இருக்கிறது. புதையானுக்கு 60 ஆண்டுகள் கொடுத்தேன்.

கூடு கட்டுமுன் அதற்கு ஊன் வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை மேலேறி வந்து தோப்பு மணலில் குழி பறிக்கும். ஆடோ மனிதரோ, ஓர் இரை போதும். கதையின் அச்சம் முழுவதையும் இந்த ஓர் இரவில் வைத்திருக்கிறேன்.

இரை தின்றபின் நிலக்கரிக்கும் கீழே இறங்கி, ஈரக் களிமண்ணில் கூடு கட்டும். வெளிவரும் தாய்க்கு வாயே கிடையாது. ஈசலோடு எழுந்து, ஒரு மழையிரவு பறந்து, முட்டையிட்டு மடியும். ஊரார் தேடும் கொலைகாரப் பூதம் இதுதான் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர் மேல்நோக்கி அழுத்துகிறது. சுரங்கத்தின் தரையைப் பிளந்துவிடாதபடி அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டைச் சுற்றியுள்ள களிமண் காய்ந்து இறுகினால், வாயில்லாத உயிர் எதைக் கொண்டு அதை உடைக்கும்? அடுத்த கதையில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் அந்தக் கூட்டைக் கண்டுபிடிக்கிறாள். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். நன்றி, வணக்கம்.